பேஸ்புக்கைக் கூட்டிப் பெருக்கினால் மருந்தைப் பற்றி ஊர் நினைப்பது தெரியுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2025 பெப்ரவரி 14

சீனி வருத்தம், பிறஷர், தடுப்பூசி, எதை எடுத்தாலும் சனம் பேஸ்புக்கில் கொட்டித் தீர்க்கிறது. அதையெல்லாம் ஒரு புரோகிராமில் போட்டு எண்ணினால் எந்த மருந்தில் நம்பிக்கை, எதில் பயம் என்று வீட்டில் இருந்தே கண்டுபிடித்துவிடலாம். படிவத்தைத் தூக்கிக்கொண்டு கிளினிக் வாசலில் நிற்பது பழைய காலத்து வேலை. மறுக்கிறவர்கள் காரணம் சொல்லுங்கள்.

பெப்ரவரி 16, ஞாயிறு, இரவு 9.40

மறுக்கிறேன். திருகோணமலை நகரத்தில் ஒரு பாமசி கவுண்டருக்குப் பின்னால் பத்தொன்பது வருடமாக நிற்கிறேன். ஆனால் என் காரணம் கவுண்டரில் இல்லை, வீட்டில் இருக்கிறது.

அம்மாவுக்கு 71 வயது. காலைத் தேத்தண்ணியோடு பேஸ்புக்கைத் திறந்துவிடுவார். பாகற்காய்ச் சாறு சீனியை அடியோடு அறுக்கும், கறிவேப்பிலை கொழுப்பைக் கரைக்கும், இங்கிலீஷ் மருந்து கிட்னியைத் தின்னும். இந்த வகையில் நாளுக்கு மூன்றாவது பகிர்ந்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். பகிர்ந்த கையோடு சீனி வருத்தத்துக்கான மெட்போமின் குளிசையை எடுத்து வாயில் போடுவார். ஒரு வேளை தவறியது கிடையாது. ஒருநாள் கேட்டேன். "அது மற்றவைக்குப் போடுறது, இது எனக்கு" என்றார்.

பெரியப்பா பாலையூற்றில் இருக்கிறார். அவரிடம் ஸ்மார்ட் போன் இல்லை. மருந்தைப் பற்றிக் கெடுதலாக ஒரு சொல் சொன்னதும் இல்லை. மாதம் தவறாமல் கிளினிக்குக்குப் போவார், கொப்பியும் உறையுமாகத் திரும்புவார். தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்க அலுமாரியை இழுத்தபோது பின்னால் ஒரு பிஸ்கட் டின் கிடந்தது. உள்ளே குளிசையோடு ஆஸ்பத்திரிக் கடதாசி உறைகள், ரப்பர் வளையம் போட்டு அடுக்கியபடி. மேலே நீலப் பேனையில் திகதி, காலை 1, இரவு 1. எண்ணினேன், ஏழு மாதத்து உறைகள். அடியில் இருந்தவை ஓரம் மஞ்சளித்துப் போயிருந்தன.

"ஏன் பெரியப்பா போடேல்ல?"

"போடுறன்தானே. கலியாண வீட்டுச் சாப்பாடு எண்டால் ரெண்டு போடுவன்."

உங்கள் புரோகிராம் அம்மாவை 'எதிர்ப்பு' என்று எழுதும். பெரியப்பா அதில் வரவே மாட்டார். ஊரில் எத்தனை அம்மா, எத்தனை பெரியப்பா என்று தெரியாமல் கூட்டிப் பெருக்கி என்ன பயன்?

பெப்ரவரி 17, மதியம்

நேற்று எழுதாமல் விட்டது. இந்த ஆசை புதிதில்லை. 2008இல் கூகிள் ஒரு கருவி கொண்டுவந்தது. சனம் எதைத் தேடுகிறது என்று பார்த்தே எந்த இடத்தில் சளிக்காய்ச்சல் பரவுகிறது என்று சொல்லிவிடலாம் என்றார்கள். முதலில் நன்றாகத்தான் ஓடியது. 2012, 13 குளிர்காலத்தில் அமெரிக்காவில் காய்ச்சலென்று டொக்டரிடம் போனவர்களின் பங்கை உண்மையைவிட இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது. செய்தியைப் பார்த்துப் பயந்தவனும் தேடுகிறான், காய்ச்சல் வந்தவனும் தேடுகிறான், கருவிக்கு இரண்டும் ஒன்று. 2015இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

பெப்ரவரி 22, சனி, இரவு

நேரகாலம் பாருங்கள். அக்காவின் மகன் விடுமுறைக்கு வந்து நிற்கிறான். கம்ப்யூட்டர் படிக்கிறான், கடைசி வருடம். புரொஜெக்ட் என்ன? 'சமூக ஊடகப் பதிவுகள் வழியாக மருந்துகள் பற்றிய மக்கள் மனப்பான்மை'. இந்த இழையைக் காட்டினேன். "மாமா, மானத்தை வாங்காதீங்க" என்றான். ஆனாலும் இன்று பின்னேரம் விறாந்தையில் உட்கார்ந்து அவனுக்கு உதவி செய்தேன்.

பதிவுகளை இழுப்பதே பெரும்பாடாம். ட்விட்டர் இலவசக் கதவை 2023இல் மூடிவிட்டது. பேஸ்புக் பதிவுகளைப் பார்க்க ஆய்வாளர்கள் வைத்திருந்த கிரவுட்டாங்கிள் என்ற கருவியை அதன் கொம்பனி மெட்டா 2024 ஓகஸ்டில் நிறுத்திவிட்டது. எங்கள் சனம் உண்மையில் பேசுகிற இடம் வட்ஸ்அப், அதற்குள் வெளியாள் பார்க்க முடியாது. ஆகவே செய்திப் பக்கங்களின் கீழே எல்லாருக்கும் தெரியக் கிடக்கிற கருத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் பிரதி எடுத்துக் கொண்டுவந்திருக்கிறான்.

தேடிய சொல் 'மருந்து'. முதல் நூறைப் பார்த்துவிட்டு நான் சிரித்தேன். 2021 பதிவுகளில் பாதி வயல் மருந்து! அந்த வருடம் இரசாயன உரமும் பூச்சிகொல்லியும் இறக்கத் தடை வந்ததே, தம்பலகாமத்து விவசாயிகள் மருந்தில்லாமல் பயிர் போச்சு என்று எழுதினதெல்லாம் இவனுடைய கோப்பில் நோயாளிகளின் குரலாக உட்கார்ந்திருக்கிறது. வெடிமருந்து வேறு. மாமியார் மருந்து வைத்துவிட்டார் என்று ஒரு மருமகள் எழுதியதும் உள்ளே. அந்த மருந்து எந்தப் பாமசியிலும் இல்லை.

வேறு வகையும் உண்டு. 2022இல் "ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, கடையில் விலை தொட முடியாது" என்று நாடே எழுதியது. புரோகிராம் அத்தனைக்கும் 'எதிர்மறை' என்று முத்திரை குத்தி வைத்திருக்கிறது. அந்த வருடம் கவுண்டரில் நின்றவன் நான். ஒரு அட்டை பிறஷர்க் குளிசைக்காக நிலாவெளியில் இருந்து சைக்கிளில் வந்தவர்கள் உண்டு, பெற்றோல் இல்லை. அந்தக் கோபத்தில் மருந்து மேல் வெறுப்பு எங்கே இருக்கிறது? மருந்து வேண்டும் என்று கேட்கிற கோபம் அது.

அப்புறம் இது: "இந்தக் குளிசை போட்டதில இருந்து மாமி ஓடித் திரியிறா. பாத்ரூமுக்கு." புரோகிராம் முதல் வசனத்தோடு மயங்கி 'ஆதரவு' போட்டுவிட்டது. மெட்போமின் தொடங்கிய புதிதில் வயிறு இளகுவது எனக்குத் தெரியும், அதற்குத் தெரியாது.

பெப்ரவரி 23

மருமகன் கேட்கிறான், மருந்துப் பதிவுகளின் கீழே ஏன் இவ்வளவு குரங்கு என்று. இரண்டு கிழமைக்கு முன், பெப்ரவரி 9, பாணந்துறையில் ஒரு குரங்கு மின்நிலையத்துக்குள் போய் நாடு முழுக்கக் கரண்ட் போனது அவனுக்கு மறந்துவிட்டது. இன்சுலின் தட்டுப்பாடா? குரங்குதான் காரணம். டொக்டர் வரவில்லையா? குரங்கு. இதை ஆதரவு, எதிர்ப்பு, இரண்டும் இல்லை என்ற மூன்று பெட்டியில் எதில் போடுவது? நான்காவது பெட்டி திறந்தோம், பெயர் 'குரங்கு'. வாத்தியாருக்குக் காட்டும்போது மாற்றுவானாம்.

மார்ச் 1, சனி

ஒரே கட்டு கருத்துகளை நான், மருமகன், அம்மா மூன்று பேரும் தனித்தனியாகப் பிரித்தோம். அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை, சிவப்புப் பேனையோடு வந்துவிட்டார். இரண்டு பேர் ஒத்துப்போவதில் தற்செயலைக் கழித்துவிட்டு மிஞ்சுவது எவ்வளவு என்று அளக்க கோஹன் என்பவர் 1960இல் கொடுத்த கணக்கு இருக்கிறது, கப்பா என்பார்கள். எங்கள் கப்பாவை வெளியில் சொல்ல வெட்கம். அம்மாவும் நானும் ஒரே வீட்டில் ஒரே சோறு தின்கிறோம். "கடவுள் விட்ட வழி, குளிசையும் போட்டுப் பார்ப்பம்" என்ற வரியை அவர் ஆதரவு என்கிறார், நான் எதிர்ப்பு என்கிறேன். மருமகன் இரண்டும் இல்லை என்றான். மனிதருக்கே பிடிபடாததை இயந்திரம் பிடிக்கவில்லை என்று பெப்ரவரி 22இல் நக்கலடித்தது கொஞ்சம் அதிகப்படிதான்.

ஆனால் இதைச் சொல்லாமல் விட முடியாது. தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுவதைப் படிக்க இயந்திரத்துக்குப் பாடப்புத்தகம் வேண்டும். 2020இல் வந்த ஒரு பெரிய தொகுப்பில் 15,744 யூடியூப் கருத்துகள் இருக்கின்றன, எல்லாம் படங்களின் முன்னோட்டத்துக்குக் கீழே ரசிகர்கள் எழுதியவை. அங்கே 'மரண மாஸ்' என்றால் உச்சப் பாராட்டு. அந்தப் பள்ளியில் படித்த இயந்திரத்திடம் "ஊசி போட்ட இடம் மரண வலி" என்பதைக் கொடுத்தால் அது கைதட்டினாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

மார்ச் 5, புதன், நோன்பு திறக்கிற நேரம் கழிந்து

கிண்ணியாவில் இருந்து ஒரு சகோதரி தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். பாத்ரூம் பகிடி அவருடைய தாத்தா (அக்காவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) எழுதியது போலவே இருக்கிறதாம், மாமியாருக்குத் தெரிந்தால் பெருநாளுக்கு வீட்டுக்குள் எடுக்க மாட்டாராம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடையது இல்லை என்பது கேட்டுத் தெளிந்தது. எழுதும்போது நான் சொற்களை மாற்றியும் இருந்தேன். ஆனால் விஷயம் அதுவல்ல. பொதுவில் கிடக்கிறது என்பதற்காக எடுத்துப் போட்டுவிடலாமா? ஒரு வரியை அப்படியே ஆய்வில் மேற்கோள் காட்டினால் தேடுபொறியில் போட்டு ஆளைப் பிடிக்கலாம். கொழும்பில் ஒருத்தி தைரொயிட் குளிசை போடுகிறாள் என்றால் யாரென்று தெரியாது. நிலாவெளியில், ஆசிரியை, இரட்டைப் பிள்ளை, தைரொயிட் என்றால் மீன் சந்தையில் கேட்டாலே வீட்டைக் காட்டுவார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனி வகையாகத்தான் வைத்திருக்கிறது. மருமகனிடம் சொல்லிவிட்டேன்: பெயர் போனால் போதாது, வசனத்தையும் மாற்று, ஊரையும் எடு.

அதே சகோதரி இன்னொன்று சொன்னார். நோன்பு மாதத்தில் மருந்துப் பேச்சு எக்கச்சக்கம்: காலைக் குளிசையை சஹருக்கு, அதாவது விடியமுன் சாப்பாட்டுக்கு, மாற்றலாமா, இன்சுலின் போட்டால் நோன்பு முறியுமா, கண் சொட்டு? போன வருடத்தையும் இந்த வருடத்தையும் ஒப்பிடுகிறவர் பிறைக் கணக்கையும் பார்க்க வேண்டும், ரமழான் வருடாவருடம் பத்துப் பதினொரு நாள் முன்னே வந்துவிடும். இது எனக்குத் தோன்றவே இல்லை. கவுண்டரில் கேட்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று: குளிசை நேரத்தை நீங்களாக மாற்ற வேண்டாம், கிளினிக்கில் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

மார்ச் 9, ஞாயிறு

முதல் குறிப்பில் எழுதியதைப் பாதி திருப்பி எடுக்கிறேன்.

மருமகன் ஒரு பெண்கள் குழுவின் நிர்வாகியிடம் முறைப்படி அனுமதி கேட்டான். அவர் பதிவுகளைத் தர மறுத்துவிட்டார், சரியான முடிவு. ஆனால் பெயரில்லாமல் போடுகிற வசதியில் எந்த வகைக் கேள்விகள் அதிகம் வருகின்றன என்று மட்டும் பொதுவாகச் சொன்னார். அவசர கருத்தடைக் குளிசை, குழந்தை பிறந்த பிறகு மனச்சோர்வுக்குப் போடுகிற மருந்து. பால் கொடுக்கும்போது அதைப் போடலாமா, புருஷன் வீட்டுக்குத் தெரியாமல் எங்கே ஒளித்து வைப்பது.

பத்தொன்பது வருடத்தில் என்னிடம் இந்தக் கேள்விகளை நேரே கேட்ட பெண்களைக் கைவிரலில் எண்ணலாம். அவசரக் குளிசை வாங்க ஓட்டோக்காரத் தம்பிதான் வருவான், துண்டில் பெயர் எழுதியிருக்கும், முகம் என்னைப் பார்க்காது. எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு முந்திப் போடுகிறாரோ அவ்வளவு நல்லது. இதை நான் அவனிடம்தான் சொல்லி அனுப்புகிறேன். போய்ச் சேருமா? கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற என்னை அவர்களுக்குத் தெரியும், என் அம்மாவைத் தெரியும், என் அம்மாவிடம் படித்தவர்கள் பாதிப் பேர். அவர்களுக்கு முகமில்லாத இடம்தான் வாய் திறக்கிற இடம்.

ஆகவே கவுண்டருக்கும் கண் தெரியாத மூலை உண்டு. கேள்வி போட்ட நண்பருக்கு இந்த ஒரு புள்ளியைத் தருகிறேன், மிச்சத்தைத் தர மாட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு, மழை

"பதிவு வேறு, நடத்தை வேறு என்றால் தம்மிக்க பாணிக்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று உவர்மலையில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல அடி. 2020 டிசம்பரில் கொரோனாவுக்கு மருந்தென்று கேகாலையில் தம்மிக்க என்பவர் பாணி காய்ச்சிக் கொடுக்க, ஆயிரக்கணக்கில் வரிசை. அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சியே குடித்துக் காட்டினார், அடுத்த மாதம் அவருக்கும் கொரோனா வந்தது. பேஸ்புக்கில் பேசியதும் றோட்டில் நின்றதும் அந்த முறை ஒன்றாகத்தான் இருந்தன. ஒத்துக்கொள்கிறேன். பயம் முற்றி, கையில் வேறு மருந்து இல்லாத நேரம் அது. தம்மிக்கவின் பாணி இருக்கிறதா என்று என் கடையிலும் கேட்டார்கள்.

அதைவிட என் தூக்கத்தைக் கெடுத்தது வேறு. 2018 பெப்ரவரி 26, அம்பாறை. ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டியில் மலட்டுக் குளிசை கலந்ததாக வதந்தி. கடையையும் பள்ளிவாசலையும் அடித்து உடைத்தார்கள். அது மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வில் வந்தது. சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் குளிசை உலகில் எங்கும் கிடையாது. ஆனால் வதந்தி பேஸ்புக்கில் ஓடியது. மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் கண்டிப் பக்கம் எரிந்தபோது அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சில நாள் முடக்கியது. அந்த வன்முறையில் தன் பங்குக்கு 2020இல் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது.

அந்தக் கிழமை என் கவுண்டருக்கு இரண்டு பேர், தனித்தனியாக. குரலைத் தாழ்த்தி, "அந்தக் குளிசை இருக்குதா? வாங்க இல்ல, பாக்க." இல்லை, அப்படி ஒன்று கிடையாது என்றேன். ஒருவர் தலையாட்டிவிட்டுப் போனார். மற்றவர் என் பின்னால் இருந்த றாக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒளித்து வைத்திருக்கிறேன் என்ற பார்வை.

பதிவைப் படித்தால் மனதை அறியலாம் என்கிறோம். அந்தக் கிழமை பதிவுதான் மனதைச் செய்தது. இல்லாத மருந்தைப் பற்றிய மனப்பான்மை அது, எந்தப் பெட்டி?

மார்ச் 18

சின்னக் குறிப்பு. 'பேஸ்புக்கில் இத்தனை பேர் கொழுப்புக் குளிசையால் கால் நோகுது என்கிறார்களே, அத்தனையும் பொய்யா' என்று ஒரு கோபக் கேள்வி. பொய் இல்லை. 2023இல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் ரெடிட் என்ற இணைய அரங்கில் ஸ்டாட்டின், அதாவது இந்தக் கொழுப்புக் குளிசை, பற்றிய 10,233 பதிவுகளையும் கருத்துகளையும் இயந்திரத்தை வைத்துப் படித்தார்கள், பெரும்பாலானவை நடுநிலை அல்லது எதிர்மறை. இதோடு லண்டனில் 2020இல் வெளியான சாம்சன் ஆய்வை வைத்துப் பாருங்கள். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்ட 60 பேர், ஒரு வருடம். சில மாதம் உண்மைக் குளிசை, சில மாதம் வெறும் மாக்குளிசை, சில மாதம் ஒன்றுமே இல்லை. உண்மைக் குளிசையில் பட்ட அவதியில் 90 வீதம் மாக்குளிசையிலும் இருந்தது. நோவு உண்மை, காரணம்தான் பெரும்பாலும் வேறு. மனப்பான்மையைப் பார்க்கிறவனுக்கு அந்த நோவு தங்கம், மருந்தின் குற்றத்தைத் தேடுகிறவனுக்கு அது குழப்பம். ஐரோப்பாவில் வெப்-ராடர் என்ற திட்டமும் புதிய பக்கவிளைவுகளைப் பொதுவாகக் கண்டுபிடிக்க சமூக ஊடகத்தை நம்ப வேண்டாம் என்றுதான் 2019இல் சொன்னது. போதைக்குப் பாவிக்கிற மருந்து, கர்ப்பகால மருந்து போன்ற சில மூலைகளில் உதவலாமாம். அந்தக் கடைசி வரியைப் படித்தபோது மார்ச் 9 ஞாபகம் வந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு, பின்னேரம்

பலர் கேட்டுவிட்டீர்கள், புரொஜெக்ட் என்னவாயிற்று என்று.

ஒரு சொல் எல்லாவற்றையும் திருப்பிவிட்டது. கருத்துகளில் 'சூடு' என்று அடிக்கடி வந்ததை மருமகன் காலநிலை என்று ஒதுக்கி வைத்திருந்தான். நான் வாசித்தேன். "அந்தக் குளிசை சரியான சூடு", "சூடு எண்டபடியால் ஒண்டைவிட்ட ஒரு நாள்", "இளநியோட போட்டால் சூடு தெரியாது". கவுண்டரில் தினம் கேட்கிற சொல்தான், கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போயிருந்தது. எழுத்தில் அடுக்கிப் பார்த்தபோதுதான் உறைத்தது: சனம் குளிசையைப் பகைத்து நிறுத்துவதில்லை. நம்பிக்கொண்டே, சூடு தணிய இடைவெளி விடுகிறது.

அன்றே பாலையூற்றுக்குப் போனோம். பெரியப்பாவிடம் பிடிக்குமா பிடிக்காதா என்று கேட்கவில்லை, சூடா என்று கேட்டேன். மடை திறந்தது போல் சொன்னார். காலைக் குளிசை வெறுவயிற்றில் எரிக்கிறது, எரிந்தால் சூடு, சூடென்றால் கிட்னி. கிளினிக்குக்கு ஏன் போகிறீர்கள் என்றதற்கு, "கொப்பி நடக்கோணும், பெயர் வெட்டினால் பிறகு சேர்க்க மாட்டினம்" என்றார். சாப்பாட்டோடு போடும்படி யாரும் சொல்லவில்லையா? சொன்னார்களாம், வரிசை நீளம், அவருக்குக் காது சரியாகக் கேட்காது. அடுத்த கிளினிக்குக்கு நான் கூடப் போகிறேன், டின்னும் வருகிறது. பழசை விழுங்கி ஈடு செய்யக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

மருமகன் தலைப்பை மாற்றிவிட்டான்: 'பொதுப் பதிவுகளில் மருந்து பேசப்படும் விதம்'. 'மக்கள்' என்ற சொல்லையும் 'மனப்பான்மை' என்ற சொல்லையும் எடுத்துவிட்டான். குரங்குப் பெட்டி 'தொடர்பற்றவை' ஆகிவிட்டது, அதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு.

இன்னொன்று. போகிற போக்கில் தன் பழைய போனைப் பெரியப்பாவுக்குக் கொடுத்து, பேஸ்புக்கும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். நேற்று இரவு சீனி வருத்தம் பற்றிய ஒரு செய்தியின் கீழே பெரியப்பாவின் முதல் கருத்து: "நல்ல மருந்து. நானும் பாவிக்கிறேன்."

"மாமா, ஆதரவு எண்டு போடவா?"

டின் இப்போது என்ன பாரத்தில் இருக்கிறது என்று பெரியம்மாவிடம் கேட்டுவிட்டுப் போடு என்றேன்.